பொருத்தம் ஆன்டி பேசி முடித்த சம்பளம்

கிள்ளான் பள்ளத்தாக்கில் கல்யாணமான தமிழர்களை இரண்டாகப் பிரிக்கலாம். பொருத்தம் ஆன்டி பார்த்துக் கட்டிவைத்தவர்கள் ஒரு பாதி. அவர் பேச்சைக் கேட்காமல் தாங்களே கட்டிக்கொண்டு, இப்போது வாயைத் திறக்க முடியாமல் இருப்பவர்கள் இன்னொரு பாதி. இந்தக் கணக்கை ஆன்டியே சொல்வார். மறுத்துப் பேசிய ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.

அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாலைக்கடைக்கு மேலே மரப்படி ஏறிப் போனால் அவருடைய ஆப்பீஸ். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவர் முழுக்க பிஸ்கட் டின்கள். ஊரே வரன்களைக் கைத்தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் ஆன்டி டின்களில் வைத்திருந்தார். அரசாங்க வேலை ஒரு டின், சொந்த வியாபாரம் ஒரு டின், 'அம்மா பேச்சைக் கேட்பவர்' ஒரு டின். அந்த மூன்றாவது டின் நிரம்பி வழிந்து மூடியே போட முடியாமல் இருக்கும். 'குடி இல்லை' என்று எழுதிய டின் ஒன்றும் இருந்தது. ஒருநாள் அதைத் திறந்து பார்த்தேன். உள்ளே பிஸ்கட் இருந்தது.

ஆன்டி ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. குரல் மட்டும் பத்துமலை அடிவாரத்தில் நின்று கூப்பிட்டால் மேலே குகையில் இருக்கும் ஐயருக்குக் கேட்கும்.

நான் அப்போது கிள்ளானில் ஒரு பெண்கள் கூடைப்பந்து கிளப்பில் இருந்தேன். 'ஆடிக்கொண்டிருந்தேன்' என்று எழுதக் கை கூசுகிறது. பன்னிரண்டு பேர் அணியில் நான் பன்னிரண்டாவது. எனக்கு அடுத்தபடியாக பெஞ்சில் இருந்தது தண்ணீர்ப் பெட்டி. அணியில் தமிழ்ப் பெண்கள் இரண்டே பேர். ஒன்று நான். இன்னொன்று எங்கள் கேப்டன் பரமேஸ்வரி, சுருக்கமாகப் பரமு. ஆறடி ஒரு அங்குலம். வளையத்துக்குக் கீழே அவள் கையைத் தூக்கி நின்றால் எதிரணிப் பெண்கள் பேருந்தைத் தவறவிட்டவர்கள் மாதிரி ஆகிவிடுவார்கள். அவ்வளவு திறமை. ஆனால் வாய் கிடையாது. யார் என்ன சொன்னாலும் "பரவாயில்ல" என்பாள்.

பரமுவுக்கு மாப்பிள்ளை பார்க்கச் சொல்லி அவளுடைய அம்மா ஆன்டியிடம் பதிவுக் கட்டணம் கட்டி நான்கு வருடம் ஆகியிருந்தது. வந்த வரன்கள் எல்லாம் வாசலில் அண்ணாந்து பார்த்துவிட்டு, காப்பியைக் குடித்து, கெட்டி உருண்டையையும் தின்று தீர்த்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு மாப்பிள்ளை, பொண்ணு முதலில் உட்காரட்டும், பிறகுதான் நான் எழுந்து நிற்பேன் என்றார். இன்னொரு மாப்பிள்ளையின் அம்மா, "எங்க வீட்டு ஃபேன் கொஞ்சம் தாழ்வா இருக்கே, தல இடிக்காதா?" என்று கேட்டார்.

"ஃபேன ஏத்தி மாட்டுங்க. இல்லாட்டி வீட்ட ஏத்திக் கட்டுங்க. பொண்ண வெட்டித் தர முடியாது," என்றார் ஆன்டி. அந்தச் சம்பந்தம் அத்தோடு முடிந்தது.

இப்படி நான்கு வருடம் ஓடியதில் ஆன்டிக்கு மனசு உறுத்தியது. அவர் தொழிலில் கட்டணத்தை வாங்கிவிட்டு எதையும் முடித்துக் கொடுக்காமல் இருப்பது பாவம்.

அந்த வருடம் போட்டிப் பருவம் முடிந்தது. எங்கள் கிளப்பில் உள்ளூர்ப் பெண்களுக்குச் சம்பளம் ஆட்டம் நடக்கும் ஏழு மாதத்துக்கு மட்டும்தான். மிச்சம் ஐந்து மாதம் காற்றைக் குடித்துக்கொண்டு, உடம்பையும் கெடாமல் வைத்துக்கொண்டு, அடுத்த பருவத்துக்குக் கூப்பிடுவார்களா என்று தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கூப்பிட்டால் இருக்கிறாய். கூப்பிடாவிட்டால் இல்லை. அதைத் தனியாகச் சொல்ல மாட்டார்கள்.

பரமுவைக் கூப்பிட்டார்கள். முந்தைய வருடம் அவளுக்கு முட்டியில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அதனால் சம்பளத்தில் கால் பங்கு குறைப்பு, மறுபடி ஏழே மாதம். சம்மதம் இல்லையென்றால் அவள் இடத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஓர் உயரமான பெண் தயாராக இருக்கிறாள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். பரமு ஆட்டத்தை விட்டுவிடலாமா என்று என்னிடம் கேட்டபோது அவளுக்கு வயது இருபத்தொன்பது. பதின்மூன்று வயதிலிருந்து ஆடுகிறவள்.

என்னை யாரும் கூப்பிடவில்லை. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஏதோ ஜாதகக் கட்டைத் திருப்பி வாங்க பரமு ஆன்டியிடம் போனபோது நானும் கூடப் போனேன். பேச்சோடு பேச்சாக விஷயம் வெளியே வந்தது.

"போன தடவ சம்பளம் பேசுறப்ப நீ என்னம்மா சொன்ன?" என்று கேட்டார் ஆன்டி.

"எவ்வளவு வேணும்னு பாஸ் கேட்டாரு ஆன்டி. நீங்க பார்த்துக் குடுக்குறதக் குடுங்க பாஸ், பரவாயில்லனு சொன்னேன்."

ஆன்டி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். நான் தண்ணீர் எடுக்க ஓடினேன். வேலை அனுபவம்.

"அடிப் பாவி! மாப்பிள்ள வீட்டுக்காரன்கிட்ட போயி எவ்வளவு நகை போடணும்னு நீங்களே எழுதிக்குங்கன்னு சொல்லுவாங்களா? உனக்குப் பேச ஆளே இல்லையா? உங்கம்மாகிட்ட காசு வாங்கியிருக்கேன். மாப்பிள்ளதான் அமையல. இதையாவது பேசி முடிக்கிறேன்."

இப்படித்தான் மலேசியாவிலேயே முதல் தடவையாக ஒரு கல்யாணத் தரகர் கூடைப்பந்து ஏஜண்டு ஆனார். அவருக்கு அந்த விளையாட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாது. பயிற்சியைப் பார்க்கப் பட்டுச்சேலையில் வந்து, முன்வரிசையில் உட்கார்ந்து, கால் மணி நேரம் கழித்து என்னைக் கேட்டார்: "பத்துப் பேரு ஒரு பந்துக்கு அடிச்சிக்கிறாங்களே, இன்னும் ரெண்டு வாங்கிப் போடக் கூடாதா?"

ஆனால் விசாரிப்பது எப்படி என்று அவருக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டை விசாரிப்பது போலவே கிளப்பை விசாரித்தார். கிளப்புக்குச் சொந்தக்காரர் கிள்ளானில் ஓடுகளும் சிமெண்டும் விற்கும் ஒரு சீன முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே. ஆன்டி அவருடைய கிடங்குக் காவலாளியான ஜாகாவோடு உட்கார்ந்து பசியாறினார். கிளப் வேன் ஓட்டும் அங்கிளுக்கு முறுக்கு கொடுத்தார். கிளப்பை விட்டுப் போன பழைய ஆட்டக்காரிகளைத் தேடிப் பிடித்தார். "கட்டிக்கிட்டு வெளிய வந்தவளக் கேட்டாத்தான் வீட்டு லட்சணம் தெரியும்," என்பது அவர் கொள்கை.

ஒரே வாரத்தில், மூன்று வருடம் அங்கே இருந்த எனக்குத் தெரியாதது எல்லாம் அவருக்குத் தெரிந்துவிட்டது. தவுக்கே நல்ல மனுஷன், சம்பளத்தை ஒருநாள்கூடத் தாமதித்ததில்லை. வெளிநாட்டுப் பெண்களுக்கு மட்டும் பன்னிரண்டு மாதச் சம்பளம், தங்க வீடும் உண்டு. பள்ளி விடுமுறையில் கிளப் நடத்தும் பயிற்சி முகாமுக்குப் பெற்றோர்கள் பணம் கட்டிப் பிள்ளைகளை அனுப்புவது பரமு சொல்லிக்கொடுக்கிறாள் என்பதற்காக. ஈப்போவிலும் ஒரு கிளப் அவளைப் பற்றி விசாரித்திருக்கிறது. ஆன்டி அவர்களுக்கும் போன் போட்டு, "எங்க பொண்ண வெளியூர்ல குடுக்கவும் யோசனை இருக்கு," என்று சொல்லி வைத்தார். அவர்களும் பேசலாம் என்று ஒரு கடிதம் அனுப்பிவிட்டார்கள்.

ஜாதகமும் பார்த்தார். எங்கள் மேனேஜர் ஒரு பாவப்பட்ட இளைஞர், இந்த விஷயத்தில் எந்த முன்னனுபவமும் இல்லாதவர். அவருக்குப் போன் போட்டு, "உங்க கிளப் எந்தத் தேதி, எத்தன மணிக்குப் பொறந்துச்சு?" என்று கேட்டார். பதிவு செய்த தேதியும் நேரமும் வந்தன. ஆன்டி அரை நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டார்.

"பத்துக்கு ஏழு இருக்கு. புத்திர பாக்கியம் கொஞ்சம் தட்டுது. அதப் பத்தி நமக்கென்ன? கிளப்புக்கு ஆயுசு கெட்டி. தாராளமா ரெண்டு வருஷத்துக்குப் பேசலாம்."

தவுக்கே சீனாவுக்கு ஓடு வாங்கப் போயிருந்தார். அவர் திரும்பி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அன்று மாலை ஐந்து மணிக்குள் பன்னிரண்டு பேர் பட்டியலைக் கூடைப்பந்துச் சங்கத்துக்கு அனுப்ப வேண்டும். முறைப்படி மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்கு வர வேண்டும் என்று ஆன்டி முதலில் ஒற்றைக் காலில் நின்றார். மேனேஜர் கிட்டத்தட்ட அழுததால் மனமிரங்கி, கிடங்குக்கு மேலே உள்ள தவுக்கேயின் ஆப்பீஸுக்கே போக ஒப்புக்கொண்டார். வெற்றிலை, பாக்கு, ஆரஞ்சு, வாழைப்பழம், கல்கண்டு எல்லாம் வைத்த தட்டைத் தூக்கிக்கொண்டு போனது நான்.

காரில் பரமுவுக்கு உபதேசம் நடந்தது. "நீ வாயத் தொறக்கக் கூடாது. தலையக் குனிஞ்சி உக்காரு. எது கேட்டாலும் நான் பேசுவேன். 'பரவாயில்ல பாஸ்'னு ஒரு சத்தம் வந்துச்சு, நான் அங்கேயே எந்திரிச்சிப் போயிடுவேன்."

இரண்டு மணிக்கு உட்கார்ந்து மூன்றுக்குள் முடிப்பது ஆன்டியின் திட்டம். கூட்டரசு நெடுஞ்சாலைக்கு அந்தத் திட்டம் தெரியாது. நெரிசலில் நகர்ந்து நகர்ந்து நாங்கள் படியேறும்போது மூன்றுக்கு இரண்டு நிமிடம் இருந்தது.

தவுக்கே அறுபதைத் தாண்டியவர். தமிழ் சரளமாகப் பேசுவார். லோரியில் மூட்டை ஏற்றுகிறவர்களிடம் கற்றுக்கொண்ட தமிழ். "வா, நீ உக்காரு," என்றார் ஆன்டியைப் பார்த்து.

"நீ இல்ல தவுக்கே, நீங்க."

"ஓகே லா. நீங்க உக்காரு."

ஒப்பந்தத் தாள் மேசையில் தயாராக இருந்தது. மேனேஜர் பேனாவைத் திறந்து பரமுவிடம் நீட்டினார். பரமுவின் கை தானாகப் போனது. ஆன்டி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்று.

"பேனாவ மூடுங்க தம்பி. செவ்வாக்கெழம மூணுலருந்து நாலரை ராகு காலம். கையெழுத்தும் கிடையாது, காசு பேச்சும் கிடையாது."

"ஆன்டி, அஞ்சு மணிக்கு லிஸ்ட் போகணும்! ராகு காலம்லாம் சங்கத்துக்குத் தெரியாது!" என்றார் மேனேஜர்.

தவுக்கே கேலியாகச் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து போய், சுவரில் தொங்கிய தன்னுடைய சிவப்புச் சீனப் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"இந்த நேரம் எனக்கும் நல்லா இல்ல. வெயிட் பண்ணலாம் லா."

மேனேஜர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார்.

ஆக, ஒன்றரை மணி நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கோப்பி வந்தது. ஆன்டி தட்டில் இருந்த ஆரஞ்சை உரித்து எல்லோருக்கும் கொடுத்தார். தவுக்கேயின் மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரித்தார், தொழில் புத்தி. பேச வேறு ஒன்றும் இல்லாததால் தவுக்கே பரமு பக்கம் திரும்பினார். வெற்றிக் கோப்பையை வாங்கும்போது தோளைத் தட்டியதையும் சம்பளம் கேட்டதையும் தவிர அவர் அவளோடு பேசியதே இல்லை.

"ஆட்டம் இல்லாத அஞ்சு மாசம் நீ என்னா வேல செய்யுற?"

ஆன்டி வாயைத் திறப்பதற்குள் பரமு முந்திக்கொண்டாள். "ரொட்டி லோரியில சாமான் ஏத்துறேன் பாஸ். காலையில நாலு மணிக்குப் போவணும்."

ஆன்டி மேசைக்கு அடியில் அவள் தொடையைக் கிள்ளினார். எனக்கே வலித்தது.

"அந்த முட்டியோடயா?" என்றார் தவுக்கே.

பரமு தலையைக் குனிந்துகொண்டாள். அத்தோடு நின்றிருக்கலாம். அவள் நிற்கவில்லை. "முட்டி கோர்ட்டுல போவல பாஸ். லோரி மேலருந்து குதிக்கிறப்பத்தான் போச்சு. அதோடயே வந்து பயிற்சி செஞ்சேன், பெருசாயிடுச்சு. உங்ககிட்ட சொன்னா என்னைய எடுக்க மாட்டீங்கன்னு பயமா இருந்துச்சு."

கிளப்பிடம் காயத்தை மறைத்தது ஒப்பந்தத்தை மீறிய குற்றம். மேனேஜருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். மேனேஜர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பெண் பார்க்கும் இடத்தில் பெண்ணே தன் குறையை எடுத்துச் சொன்னதை ஆன்டி தன் தொழிலில் கண்டதில்லை. கையில் பாதி உரித்த ஆரஞ்சு அப்படியே இருந்தது.

தவுக்கே எழுந்து ஜன்னலோரம் போனார். கீழே அவருடைய லோரிகள் வரிசையாகக் கூரைக்கு அடியில் நின்றன.

"லோரியக்கூட நான் மழையில நிப்பாட்டுறது இல்ல," என்றார் கடைசியில். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, மேனேஜர் கையிலிருந்த தாளை வாங்கி, நான்காக மடித்து ஓரமாக வைத்தார்.

மணி நாலரை ஆனது. ஆன்டிக்கு உயிர் வந்தது. ஆரஞ்சுத் தோலை ஒதுக்கிவிட்டுத் தட்டை நடுவில் நகர்த்தினார்.

"இப்ப பேசலாம் தவுக்கே. நாங்க எதுவும் கேக்கல. உங்க அந்தஸ்துக்குத் தகுந்த மாதிரி நீங்களே சொல்லுங்க."

தவுக்கே ஒரு தொகை சொன்னார். பழைய சம்பளமே, குறைப்பு இல்லாமல். ஆன்டி ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளினார். தவுக்கே இருநூறு ரிங்கிட் கூட்டினார். ஆன்டி இன்னொரு வெற்றிலையை எடுத்தார். தவுக்கே மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொரு முந்நூறு ஏறியது. ஆன்டி மூன்றாவது வெற்றிலையைத் தொட்டபோது தவுக்கே, "போதும் லா, எல காலியாயிடும்!" என்றார்.

"தொக சரி. எத்தன மாசத்துக்கு?"

"ஏழு மாசம். எல்லா லோக்கல் பொண்ணுக்கும் அதான்."

ஆன்டி கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "தவுக்கே, முப்பது வருசமா கல்யாணம் பேசுறேன். குடிகாரனப் பார்த்திருக்கேன், கோவக்காரனப் பார்த்திருக்கேன். பொண்ணக் கட்டிக்கிட்டு, வருசத்துல அஞ்சு மாசம் மட்டும் சோறு போட மாட்டேன், அப்ப மட்டும் அவ லோரியில மூட்ட தூக்கிப் பொழச்சிக்கணும்னு சொன்ன மாப்பிள்ளைய நான் இன்னும் பார்க்கல. ஈப்போவுலருந்து ஒரு வரன் வந்திருக்கு. எங்களுக்கு உங்க வீடுதான் புடிச்சிருக்கு. நீங்க சொல்லுங்க."

தவுக்கே சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பன்னெண்டு மாசம். ரெண்டு வருசம். ரொட்டி லோரி வேணாம்."

பரமு "பரவா..." என்று ஆரம்பித்தாள். ஆன்டியும் நானும் ஒரே நேரத்தில் கிள்ளினோம்.

புதுத் தாள் அச்சாகி வந்தது. பரமு கையெழுத்துப் போட்டாள். மேனேஜர் கணினி முன் உட்கார்ந்து பெயர்களை வரிசையாக அடித்தார். மணி நாலு ஐம்பது. பதினோரு பெயர்கள் ஏறின. பன்னிரண்டாவது இடம் காலி. வேறு யாரையாவது பிறகு சேர்க்கலாம் என்று அதை அப்படியே விட்டு அனுப்பப் போனார். நான் வாழைப்பழத்தைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன். திரையைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இல்லை.

"இவ பேரு எங்க?" என்றார் ஆன்டி.

தவுக்கே என்னைப் பார்த்தார். "இவ யாரு? உன் மகளா?"

மூன்று வருடம் அவர் சட்டையைப் போட்டு ஆடியிருக்கிறேன். சரி, உட்கார்ந்திருக்கிறேன். மேனேஜர் சங்கடப்பட்டு என் பெயரைச் சொன்னார். ஆன்டி காத்திருக்கவில்லை.

"நான் ஒரு நாள்தான் உங்க ஆட்டத்தப் பார்த்தேன் தவுக்கே. எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா இந்தப் பொண்ணு வெளிய உக்காந்துகிட்டு, யாரு எங்க நிக்கணும்னு கத்திக்கிட்டே இருந்தா. களைச்சி வந்தவளுக்கெல்லாம் தண்ணி குடுத்தா, துண்டு குடுத்தா. தனக்கு ஆட்டம் குடுக்கலன்னு மூஞ்சத் தூக்கல. இப்படி ஒருத்தி இருக்குற வீடுதான் கெட்டுப் போவாது. எங்க பொண்ணு தொணைக்கு ஆள் இல்லாம வர மாட்டா. எழுதுங்க தம்பி."

நான் அவரிடம் எதுவும் சொன்னதில்லை. யாரும் என்னைக் கூப்பிடவில்லை என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. வேன் அங்கிளாக இருக்கலாம், அந்த முறுக்கு வீண் போகவில்லை.

"எழுது," என்றார் தவுக்கே. ஐந்து மணிக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது பட்டியல் போய்ச் சேர்ந்தது.

தரகு என்று ஆன்டி தவுக்கேயிடம் ஒரு பட்டுச்சேலை கேட்டு வாங்கிக்கொண்டார். கரை சரியில்லை என்று ஆறு மாதம் குறை சொன்னார். அடுத்த வருடம் உள்ளூர்ப் பெண்கள் எல்லோருக்குமே ஆட்டமில்லாத மாதங்களில் பாதிச் சம்பளம் வந்தது. வேறு இரண்டு கிளப்புகளின் பெண்களும் மாலைக்கடைப் படியேறி ஆன்டியைத் தேடிப் போனார்கள். பரமு இன்னும் ஆடுகிறாள். முட்டி நன்றாக இருக்கிறது.

அந்தப் பருவத்தில் ஆன்டி ஒரே ஓர் ஆட்டத்துக்கு வந்தார். நாங்கள் பெரிதாக முன்னிலையில் இருந்ததால் கடைசி இரண்டு நிமிடத்துக்குப் பயிற்சியாளர் என்னை உள்ளே அனுப்பினார். பந்து என் கைக்கு வந்தது. அப்போது மண்டபம் முழுக்கக் கேட்கும் குரலில், பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தைத் தட்டி எழுப்பாத குறையாக ஆன்டி சொன்னார்: "அதோ, அந்தப் பொண்ணு! அது நம்ம பொண்ணு!"

நான் எறிந்த பந்து வளையத்தில் பட்டு வெளியே போய்விட்டது. பெஞ்சுக்குத் திரும்பி வந்து முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பந்து போகாததற்காக அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.